சின்ன பெல்ட் சேண்டர் ரோசாக் ஆனா (கெட்டுப்போனா) எத மொதல்ல பாக்கணும்

மலேசியா பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட்ல நம்ம வீட்டுக்கு பின்னால தகர கூரை போட்ட ஒரு கொட்டாய் இருக்கு, அங்க தான் வேலை. மரமும் இரும்பும் தேய்க்கிற, மேச மேல வைக்கிற சின்ன பெல்ட் சேண்டர், அதான் 4 இன்ச் அகலம் 36 இன்ச் நீளம் பெல்ட்டும் பக்கத்துல ஒரு வட்ட தட்டும் இருக்குமே, அது என்கிட்ட ரெண்டு இருக்கு. அதுக்கு மேல, அக்கம்பக்கத்து தோட்டத்துல இருந்து உருமி கட்டை தேய்க்கிறவங்க, தைப்பூசத்துக்கு காவடி பலகை வெட்டுறவங்க, பாராங் கத்தி தீட்டுறவங்கன்னு எல்லாரும் அவங்க மிஷின தூக்கிட்டு வந்துருவாங்க. "அண்ணே இது செத்துருச்சு, பாருங்கண்ணே"ன்னு தான் குடுப்பாங்க. தொறந்து பாத்தா பாதிக்கு மேல சாகவே இல்ல, பெல்ட்டு, தூசி, நம்ம ஊர் ஈரக்காத்து, இந்த மூணுல ஒண்ணு தான் காரணம்.

அதனால தான் இத எழுதுறேன். உங்க மிஷின் என்ன செய்யுதோ அந்த தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொரு தலைப்புலயும் காசு செலவில்லாதத மொதல்ல வச்சிருக்கேன், செலவு ஆகுறது கடைசி. ரெண்டு பெல்ட்டும் குழம்பக்கூடாதுன்னு, சேண்ட் பேப்பர் பெல்ட்ட தேய்க்கிற பெல்ட்டுன்னும், சைடு மூடிக்குள்ள மோட்டர்ல இருந்து உருளைக்கு போற சின்ன ரப்பர் பெல்ட்ட உள் பெல்ட்டுன்னும் சொல்றேன்.

எதுக்கு கை வச்சாலும் மொதல்ல பிளக்க புடுங்குங்க. சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்றது போதாது, பிளக் உங்க கண்ணு முன்னால மேச மேல கெடக்கணும்.

## பட்டன் அமுக்குனா ஒண்ணுமே இல்ல, சத்தமும் இல்ல

அதே சாக்கெட்ல ஒரு கைவிளக்கோ காத்தாடியோ சொருகி பாருங்க. அது ஓடலன்னா சாக்கெட் பக்கம் தான் கோளாறு, மிஷின விட்டுருங்க.

அது ஓடுச்சுன்னா பிளக். நம்ம மூணு கால் பிளக்குக்குள்ள ஒரு 13 ஆம்ப் ஃபியூஸ் இருக்கு, அத கழட்டி நல்லா தெரிஞ்ச வேற ஃபியூஸ் போட்டு பாருங்க, ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட ஆகாது. புது ஃபியூஸும் உடனே போச்சுன்னா திரும்ப திரும்ப போடாதீங்க, கீழ இருக்குற "தொட்டா கரண்ட் அடிக்குது" தலைப்புக்கு போங்க.

பல மிஷின்ல சுவிட்ச்சுக்கு நடுவுல ஒரு மஞ்சள் சாவி இருக்கும், புள்ளைங்க அமுக்காம இருக்க வச்சது, அது முழுசா உள்ள போகலன்னா மிஷின் உயிரே காட்டாது. ஒரு தம்பி கோலகங்சார்ல இருந்து கார்ல வச்சு கொண்டு வந்தார், சாவி பாதி வெளிய நின்னுச்சு, அமுக்குனேன், ஓடுச்சு.

அடுத்தது சுவிட்ச் உள்ளுக்கு தூசி. பச்சை பட்டன் சிவப்பு பட்டன் வச்ச சுவிட்ச்னா இன்னும் கவனிக்கணும். பச்சைய அமுக்கி புடிச்சிருக்கிற வரைக்கும் ஓடி, கைய எடுத்தா நிக்குதுன்னா மோட்டர்ல தப்பில்ல, சுவிட்ச்சுக்குள்ள புடிச்சு வைக்கிற காயில் போச்சு, இல்ல தூசி அடைச்சிருக்கு. ரெண்டு ஸ்குரூ கழட்டி சின்ன பிரஷ்ல தட்டி விடுங்க. அதுலயும் சரி வரலன்னா அதே மாதிரி புது சுவிட்ச், நான் கடைசியா வாங்குனது 28 வெள்ளி. கரண்ட் போய் திரும்ப வந்தா மிஷின் தானா ஓடாம இருக்கத்தான் அந்த சுவிட்ச் இருக்கு, நம்ம ஊர்ல சாயங்கால இடி மழைக்கு கரண்ட் போய் வர்ற நேரத்துல அது இல்லாம ரொம்ப ஆபத்து, அதனால செலவு கம்மின்னு அத எடுத்துட்டு சாதா விளக்கு சுவிட்ச் மாட்டாதீங்க.

## ம்ம்ம்னு உறுமுது, ஆனா சுத்தல

கேட்ட உடனே ஆஃப் பண்ணுங்க, ரெண்டு மூணு செகண்டுக்கு மேல விடக்கூடாது, சுத்தாம நிக்கிற மோட்டர்ல கரண்ட் ரொம்ப கூட ஓடும், கொஞ்ச நேரத்துல உள் கம்பிச்சுருள் வெந்துரும். 12 வெள்ளி கோளாறு 200 வெள்ளி கோளாறா மாறுறது இந்த இடத்துல தான்.

### கையால சுத்துனா லேசா சுத்துதா?

பிளக்க புடுங்கிட்டு, தேய்க்கிற பெல்ட்ட கழட்டிட்டு, வட்ட தட்ட கையால சுத்துங்க.

சுத்தலன்னா எங்கயோ மாட்டியிருக்கு. தட்டுக்கும் மேசைக்கும் நடுவுல ஒரு மரத்துண்டு சொருகி இருக்கலாம், சைடு மூடிக்குள்ள அறுந்த உள் பெல்ட் சுருண்டு கெடக்கலாம். அதெல்லாம் எடுத்தும் இறுக்கமா இருந்தா பேரிங், கீழ சத்தம் தலைப்புல சொல்லியிருக்கேன்.

லேசா சுத்துதுன்னா அனேகமா கெப்பாசிட்டர், மோட்டர் ஸ்டார்ட் ஆக தள்ளி விடுற சாமான். மோட்டர் மேல முதுகுல ஒரு பொட்டி மாதிரி இருக்கும், இல்ல அடிப்பலகைக்குள்ள ஒரு வெள்ளை டப்பா. வீங்கி இருக்கா, கசிஞ்சு இருக்கா, அடி வெடிச்சிருக்கான்னு பாருங்க. பிளக்க புடுங்குன பிறகும் அதுக்குள்ள கரண்ட் தேங்கி நிக்கும், அதனால அதோட வயர் மாட்டுற ரெண்டு இரும்பு கால்ல கை படுறதுக்கு முன்னால ஒரு பழைய இழை பல்பு ஹோல்டரோட ரெண்டு வயர ரெண்டு கால்லயும் வச்சு இறக்கிருங்க, ஸ்குரூடிரைவர வச்சு பட்டுனு தீப்பொறி விடுற பழக்கம் வேணாம். மீட்டர்ல கெப்பாசிட்டர் அளக்குற வசதி இருந்தா, மேல எழுதியிருக்கிற மைக்ரோஃபாரட்ல இருந்து பத்து சதவீதத்துக்கு மேல கொறஞ்சிருந்தா மாத்துங்க. மைக்ரோஃபாரட் அதே அளவு வேணும், வோல்ட் அதே அளவு இல்ல அதுக்கு மேல. வாஷிங் மிஷின் சாமான் விக்கிற கடையில கிடைக்கும், ஈப்போ வரைக்கும் போகத் தேவையில்ல.

தட்ட கையால சுத்தி விட்டு ஸ்டார்ட் பண்றவங்க இருக்காங்க. பண்ணாதீங்க. அது புடிக்கிற நேரம் கை அங்க தான் இருக்கும், தட்டுல இருக்குறது 60 நம்பர் சேண்ட் பேப்பர்.

### மோட்டர் தகட்டுல என்ன எழுதியிருக்கு?

மலிவா கெடைக்குதேன்னு வெளிநாட்டுல இருந்து நேரா வரவழைச்ச மிஷின்னா கட்டாயம் படிங்க. நம்ம ஊர் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 110 வோல்ட் மிஷின அடாப்டர் வச்சு சொருகுனா எரியும், அது கோளாறுல சேராது. 60 ஹெர்ட்ஸுக்கு செஞ்ச மோட்டர் இங்க ஆறுல ஒரு பங்கு வேகம் கம்மியா ஓடும், சூடும் கூட ஆகும்.

### நீளமான வயர்ல ஓட்டுறீங்களா?

வீட்டு சமையல்கட்டுல இருந்து கொட்டாய் வரைக்கும் 20 மீட்டர் மெல்லிசு எக்ஸ்டென்ஷன், அதுவும் பாதி சுருள்லயே இருக்கு, அப்படின்னா ஸ்டார்ட் ஆகுற நேரத்துல மோட்டருக்கு போதுமான வோல்ட் போய் சேராது. சுருள முழுசா பிரிச்சு போடுங்க, சுருட்டி வச்ச வயர் சூடாகி உருகும். 1.5 எம்எம் சதுர வயரா மாத்துங்க. மிஷின நேரா சுவர் சாக்கெட்ல சொருகி பாத்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும்.

இதெல்லாம் பாத்தும் உறுமுதுன்னா கம்பிச்சுருள், அது மோட்டர் சுத்துற கடைக்காரர் வேலை, நம்ம தொடுறதுல்ல.

## பெல்ட்டு ஒரு பக்கமாவே ஓடி வெளிய வந்துருது

இதுக்கு தான் ஆளுங்க ரொம்ப வர்றாங்க, இதுல தான் மிஷின ரொம்ப திட்டுறாங்க, அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன்.

### மொதல்ல நாப்ப சரியா திருப்புறீங்களான்னு பாருங்க

டிராக்கிங் நாப், அதான் பெல்ட்ட நடுவுல கொண்டு வர திருப்புற குமிழ், முன் உருளைய லேசா சாய்க்கும். கால் சுத்து திருப்புங்க, அஞ்சாறு ரவுண்டு ஓட விடுங்க, அப்புறம் தான் அடுத்த கால் சுத்து. பெரும்பாலும் ஆளுங்க ரெண்டு முழு சுத்து திருப்பிருவாங்க, பெல்ட் அந்த பக்கம் பாயும், பயந்து மறுபக்கம் ரெண்டு சுத்து, இப்படியே அரை மணி நேரம் போகும். எந்த பக்கம் திருப்புனா பெல்ட் எந்த பக்கம் போகுதுன்னு மார்க்கர் பேனால மிஷின் மேலயே அம்புக்குறி போட்டு வைங்க. புது பெல்ட் மாட்டுன உடனே மோட்டர போடாதீங்க, பிளக் வெளிய இருக்கும்போதே கையால பத்து ரவுண்டு சுத்தி, நடுவுல நிக்குதான்னு பாத்துட்டு, அப்புறம் பட்டன தட்டி தட்டி நிறுத்துங்க.

### உருளை மேல என்ன ஒட்டியிருக்கு?

பெல்ட்ட கழட்டி ரெண்டு உருளையையும் வெரலால தடவுங்க. ரப்பர் கட்டை, அதுவும் சரியா காயாத ரப்பர் கட்டை தேய்க்கிற எல்லா மிஷின்லயும் உருளையோட ஒரு ஓரத்துல காப்பி கலர்ல ஒரு பட்டை ஏறியிருக்கும், தூசியும் பிசினும் ஈரமும் சேந்து கல்லு மாதிரி ஆயிருக்கும். அர மில்லிமீட்டர் இருந்தாலே போதும், பெல்ட் தன் இஷ்டத்துக்கு ஓடும். பழைய பிளாஸ்டிக் அட்டைய வச்சு சுரண்டுங்க, கத்தி வேணாம், ரப்பர் உறை போட்ட உருளைன்னா கிழிஞ்சுரும். கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு துணியால தொடச்சா மிச்சமும் வந்துரும். இந்த ஒரு சுரண்டல்லயே பாதி மிஷின் வீட்டுக்கு போயிருக்கு.

### தப்பு பெல்ட்லயா மிஷின்லயா?

இது நான் சொந்தமா கண்டுபுடிச்சு வச்சிருக்கிற சோதனை இல்ல, பழைய ஆசாரி ஒருத்தர் காட்டுனது. பெல்ட்ட கழட்டி அப்படியே திருப்பி மாட்டுங்க, அதாவது வலது ஓரம் இடது பக்கம் வர்ற மாதிரி. பிளக் வெளிய, கையால மட்டும் சுத்துங்க. முன்ன வலது பக்கம் ஓடுன பெல்ட் இப்ப இடது பக்கம் ஓடுச்சுன்னா பெல்ட்டே கோணலா ஒட்டியிருக்காங்க, ஒரு ஓரம் நீளம் ஒரு ஓரம் கட்டை, எந்த நாப்பும் அத திருத்தாது, வேற பெல்ட் போடுங்க. திருப்பி மாட்டியும் அதே வலது பக்கம் தான் ஓடுதுன்னா மிஷின். மலிவு பெல்ட் பத்து வாங்குனா அதுல ஒண்ணு ரெண்டு கோணலா இருக்கத்தான் செய்யும், இந்த சோதனை தெரியாம நான் ஒரு தடவ மொத்த முன் உருளையையும் கழட்டி மாட்டுனேன்.

### மிஷின் தான்னு தெரிஞ்சா

ரெண்டு உருளையோட நடு அச்சுக்கு நடுவுல இருக்குற தூரத்த வலது பக்கமும் இடது பக்கமும் டேப் வச்சு அளங்க, நாப்ப நடுவுல வச்சிட்டு. ரெண்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா உருளைய தாங்குற இரும்பு வளைஞ்சிருக்கு இல்ல போல்ட் லூஸ். போல்ட்ட இறுக்கி திரும்ப அளங்க.

அதுவும் சரின்னா உருளையோட வயிறு. நல்ல உருளை நடுவுல லேசா புடைச்சிருக்கும், அந்த புடைப்பு தான் பெல்ட்ட நடுவுல இழுத்து வைக்கிறது. ஸ்டீல் ரூலர உருளை மேல நீளவாக்குல வச்சு லைட்டு முன்னால புடிங்க. ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் தெரிஞ்சா நல்லது. நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா வயிறு தேஞ்சு குழி ஆயிருச்சு. அதுக்கு மாஸ்கிங் டேப் போதும்: நடுவுல ஒரு வெரல் அகலத்துக்கு ஒரு சுத்து, அதுக்கு மேல அதவிட அகலமா ஒரு சுத்து, அதுக்கும் மேல உருளை முழுக்க ஒரு சுத்து, பெல்ட் ஓடுற திசைக்கு டேப்போட முனை உரியாத மாதிரி. கேட்டா நம்ப மாட்டீங்க, ஆனா என் பழைய மிஷின் இப்படித்தான் ஓடுது, மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவ பிச்சிட்டு புதுசா சுத்துறேன்.

முன் உருளைய ரெண்டு கையால புடிச்சு ஆட்டுனா டொக் டொக்னு ஆடுதுன்னா உள்ள இருக்குற புஷ், அதான் அச்சு சுத்துற சின்ன குழாய், தேஞ்சிருக்கு. லேத் கடையில ஒரு புஷ் கடைஞ்சு தருவாங்க. இதுவரைக்கும் வந்து சரி வரலன்னா, நீங்க செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சுட்டீங்க, லேத்துக்காரர்கிட்ட குடுத்துருங்க.

## தட்டு சுத்துது, பெல்ட் சுத்தல. இல்ல, கட்டைய அமுக்குனா பெல்ட் நின்னுருது

பெல்ட்ட இறுக்கி புடிக்கிற டென்ஷன் கை முழுசா பூட்டியிருக்கான்னு பாருங்க. அடுத்து பெல்ட் அளவு, 36 இன்ச்சுக்கு பதிலா கொஞ்சம் நீளமான பெல்ட்ட கடையில தப்பா குடுத்திருப்பாங்க.

கட்டைய அமுக்கும்போது மோட்டர் சத்தம் மாறாம தேய்க்கிற பெல்ட் மட்டும் நின்னா, மோட்டர் பக்கத்து உருளை வழுக்குது. அதோட ரப்பர் உறை கண்ணாடி மாதிரி மினுங்கும். 80 நம்பர் சேண்ட் பேப்பர்ல குறுக்கால தேச்சு சொரசொரப்பாக்குங்க. டென்ஷன் ஸ்பிரிங் தளந்திருந்தாலும் இதே கதை, மோட்டோ (மோட்டார் சைக்கிள்) கடையில பழைய ஸ்பிரிங் டப்பாவ கிளறுனா ஒண்ணு மாட்டும்.

உருளையே சுத்தலன்னா சைடு மூடிய தொறங்க. உள் பெல்ட்ல பல்லு உதிந்திருக்கும் இல்ல அறுந்திருக்கும். அது மேல அச்சடிச்சிருக்குற நம்பர கழுவி எழுதிக்குங்க, அழிஞ்சிருந்தா பல்லு எத்தன, அகலம் எவ்வளவு, ரெண்டு பல்லுக்கு நடுவுல எத்தன எம்எம்னு மூணையும் எழுதிக்குங்க, பழச கையில கொண்டு போறது அதவிட நல்லது. உள் பெல்ட் நல்லா இருந்தா புல்லியோட பக்கவாட்டு சின்ன ஸ்குரூவ பாருங்க, அலன் கீ போட்டு இறுக்குனா முடிஞ்சுது.

## புது பெல்ட்டு, மாட்டி அஞ்சு நிமிஷத்துல ஜாயிண்ட்ல பிச்சுக்குது

பெல்ட் உள்பக்கம் அம்புக்குறி போட்டிருந்தா, அதுவும் மிஷின் மேல இருக்குற அம்பும் ஒரே பக்கம் பாக்கணும். மாத்தி போட்டா ஜாயிண்ட்டோட உதடு ஒவ்வொரு ரவுண்டும் கட்டையில முட்டி முட்டி உரியும்.

அம்பு சரியா இருந்தும் பிச்சுக்குதுன்னா ஈரம். பெல்ட்ட ஒட்டியிருக்குற பசையும் டேப்பும் நம்ம ஊர் காத்துல நாள் ஆக ஆக சத்து போயிரும். கடையில ரெண்டு வருசம் தூசி படிஞ்சு தொங்குன பெல்ட், மலிவா இருக்குன்னு ஒரேயடியா இருபது வாங்கி நம்ம தகர கொட்டாய்ல மாட்டி வச்ச பெல்ட், ரெண்டும் ஒண்ணு தான். ஜாயிண்ட்ட வெரலால மடக்கி பாருங்க, டேப் ஓரம் வெள்ளையா தூக்குனா அத மிஷின்ல போடாதீங்க, அறுந்து மூஞ்சில அடிக்கும். கத்திரியால நறுக்கி கையால தேய்க்க வச்சுக்கலாம்.

நான் இப்ப அஞ்சஞ்சா தான் வாங்குறேன். பிஸ்கெட் டின்னுல, இறுக்கி மூடுற பெரிய டின், அதுல சிலிக்கா பொட்டலம் நாலு போட்டு, பெல்ட்ட மடக்காம சுருளா வைக்கிறேன். ஆணியில தொங்க விட்டா ஆணி பட்ட இடத்துல மடிப்பு விழுந்து அங்கேயே வெடிக்கும், தொங்க விடணும்னா கை தடிமன் உள்ள பிவிசி பைப்ல தொங்க விடுங்க.

## ஓடுது, ஆனா வெட்டல. கட்டை கருகுது

மிஷின் பலம் போச்சுன்னு நினைப்பாங்க. பெல்ட்ட கிட்ட வச்சு பாருங்க. மணலுக்கு நடுவுல மாவு மாதிரி அடைச்சு, மேல மெழுகு பூசுன மாதிரி பளபளன்னு இருந்தா அடைச்சிருக்கு, பெல்ட் இன்னும் சாகல. தடவுனா மணலே தட்டுப்படாம வழவழன்னு துணி மாதிரி இருந்தா தான் தேஞ்சு போச்சு.

அடைச்ச பெல்ட்ட சுத்தம் பண்ண ஆன்லைன்ல ஒரு ரப்பர் கட்டி விக்கிறாங்க, 30, 40 வெள்ளி. அது வேற ஒண்ணும் இல்ல, கிரேப் ரப்பர். 1877ல நட்ட ரப்பர் மரம் பக்கத்துல கோலகங்சார்ல இன்னும் நிக்குது, எங்க தாத்தா பாட்டி காலத்துல இருந்து இந்த ரப்பர் பாலுல தான் சாப்புட்டோம், அந்த பாலு கப்பலேறி போய் கட்டியா திரும்பி வந்து நம்மகிட்டயே விலைக்கு நிக்குது. பழைய கிரேப் அடி வச்ச சப்பாத்து வீட்டுல இருந்தா அந்த அடிய அறுத்து எடுங்க, தேன் கலர்ல, நகத்தால அழுத்துனா பள்ளம் விழுந்து மெல்ல எழும்பும், அதான். மிஷின ஓட விட்டு அந்த கட்டிய லேசா பெல்ட் மேல ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு நகத்துங்க. வெளுத்துப்போன பெல்ட் கண்ணு முன்னாலயே பழைய காவி கலருக்கு திரும்பும், அடைச்ச தூள் எல்லாம் ரப்பர்ல உருண்டை உருண்டையா ஒட்டிக்கும். எங்க அம்மா பால் வெட்டு வேலையில முப்பது வருசம் இருந்தவங்க, ஒட்டுப்பால் பிச்சு பிச்சு கையெல்லாம் அந்த வாசம், நான் மொத தடவ இத பண்ணப்போ கொட்டாய்க்கு வந்து நின்னு மோந்து பாத்துட்டு போனாங்க.

கருப்பு டயர் ரப்பரும் சாதா ஜப்பான் சிலிப்பர் செருப்பும் வேலைக்கு ஆகாது, உருகி பெல்ட்லயே ஒட்டிக்கும்.

சுத்தம் பண்ணியும் கருகுதுன்னா சேண்ட் பேப்பர் நம்பர், சின்ன நம்பர்னா சொரசொரப்பு கூட. பெயிண்ட் உரிக்கவும் உருட்டவும் 60, 80. மட்டம் பண்ண 120. இந்த சின்ன மிஷின்ல 180க்கு மேல போட்டா மரம் கருகத்தான் செய்யும், அதுக்கு மேல கையால தேய்ங்க. கட்டைய ஒரே இடத்துல அமுக்கி புடிக்காதீங்க, மிஷின் சத்தம் எறங்குதுன்னா நீங்க ரொம்ப அமுக்குறீங்க. ஈர ரப்பர் கட்டைக்கு எந்த பெல்ட்டும் தாங்காது, காய வச்சு கொண்டு வாங்க.

## தேச்ச கட்டை மட்டமா இல்ல, நடுவுல மேடா வருது

பெல்ட்டுக்கு அடியில இருக்குற இரும்பு தகட்ட கழட்டி ஸ்டீல் ரூலர் வைங்க. மலிவு மிஷின்ல அது வெறும் மடிச்ச தகடு, புதுசுலயே நெளிஞ்சு வரும், இல்லன்னா நம்ம ஒரே இடத்துல தேச்சு தேச்சு குழி ஆக்கியிருப்போம். கண்ணாடி மேல 80 நம்பர் சேண்ட் பேப்பர ஒட்டி, தகட்ட அது மேல வச்சு எட்டு போடுற மாதிரி தேய்ங்க. முன்னாலயே மார்க்கர்ல முழுசா கோடு போட்டுட்டா எங்க தேயுது எங்க தேயலன்னு தெரியும். அதுக்கு மேல கிராஃபைட் துணி ஒட்டுங்க. இந்த மிஷினுக்கு நான் செஞ்சதுலயே நல்ல மாத்தம் அது தான், பெல்ட் வழுக்கி ஓடுது, சூடு கம்மி, ஜாயிண்ட் டக்டக்னு அடிக்கிற சத்தமும் கொறஞ்சுது.

வட்ட தட்டு பக்கம் நேரா வரலன்னா மூலைமட்டம் வச்சு மேசைய 90க்கு கொண்டு வாங்க, மேசையில இருக்குற டிகிரி ஸ்டிக்கர நம்பாதீங்க.

## சத்தம், நடுக்கம்

தேய்க்கிற பெல்ட்ட கழட்டிட்டு ஓட விடுங்க. சத்தம் போச்சுன்னா பெல்ட் ஜாயிண்ட் இல்ல முன் உருளை. அப்பவும் இருந்தா சைடு மூடிய தொறந்து உள் பெல்ட்டையும் கழட்டிட்டு, மூடிய திரும்ப போட்டு ஓட விடுங்க. இப்ப போச்சுன்னா மோட்டர் பக்கத்து உருளையோட பேரிங். இன்னும் கர்ர்ர்னு இருந்தா மோட்டர் பேரிங். இந்த மூணு படில எங்கன்னு தெரிஞ்சுரும், கண்ட இடத்துல எண்ணெய் அடிக்க வேணாம், எண்ணெயும் தூளும் சேந்தா பேஸ்ட்டு.

பேரிங் மேல நம்பர் இருக்கும். 6201ன்னா உள் ஓட்டை 12, வெளி வட்டம் 32, தடிமன் 10 எம்எம், 6202ன்னா 15, 35, 11. ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டத கேளுங்க, இரும்பு மூடி போட்டதுல மரத்தூள் புகுந்துரும். மோட்டோ சக்கரத்துக்கு போடுற சைஸ் சிலது இதே தான், அதனால மோட்டோ கடையிலயே கிடைக்கும், நான் ஒண்ணு 8 வெள்ளிக்கு வாங்குறேன். புல்லர் இல்லாம சுத்தியால அடிச்சு எடுக்க பாத்தா அச்சு வளையும், அந்த மோட்டோ கடைக்காரர்கிட்டயே அஞ்சு வெள்ளி குடுத்தா ரெண்டு நிமிஷத்துல மாத்தி தருவாரு.

மிஷின் மொத்தமும் மேசையோட நடந்து போகுதுன்னா அடியில நாலு போல்ட் போட்டு கெட்டியான பலகையில இறுக்குங்க, நடுவுல பழைய மோட்டோ டியூப் துண்டு வைங்க.

## தூசி பைக்குள்ள போகல, எல்லாம் வெளிய பறக்குது

உறிஞ்சுற வாய்க்குள்ள மரநார் அடைச்சிருக்கும், கைய விட்டு இழுங்க. பை துணி அடைச்சிருந்தா வெளிய போய் தட்டுங்க. பைய விட வேக்குவம் மாட்டுறது எவ்வளவோ மேல். அப்பவும் மாஸ்க் போடுங்க, என்95. மரத்தூள மனுசனுக்கு புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பொருள் பட்டியல்லயே உலக புற்றுநோய் ஆய்வு அமைப்பு வச்சிருக்கு. துண்ட மூக்குல கட்டிக்கிட்டா அந்த நைசு தூள் நிக்காது.

## பொகை வாசம் வருது

மோட்டர்ல இருந்து வந்தா, வார்னிஷ் எரியுற கசந்த வாசம். நிறுத்துங்க, பிளக்க எடுங்க, மோட்டர் விசிறி மூடி தூசியால அடைச்சிருக்கான்னு பாருங்க, அடைச்சிருந்தா சுத்தம் பண்ணி ஒரு மணி நேரம் ஆற விட்டு திரும்ப ஓட்டுங்க. மறுபடி அதே வாசம்னா ஓட்டாதீங்க.

பையில இருந்து வந்தா, இத தயவு செஞ்சு முழுசா படிங்க. இரும்பு தேய்க்கிற மிஷின்ல மரத்தூள் பை இருக்கவே கூடாது. ஒரு நாள் சாயங்காலம் ஒரு அண்ணன் அவசரமா பாராங் கொண்டு வந்தார், காவடி பலகை தேச்சுக்கிட்டு இருந்த அதே மிஷின்ல, பைய கழட்டாம, ரெண்டு நிமிஷம் தான், பாராங்க தீட்டி குடுத்துட்டு சாப்புட போயிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு நாய் குலைக்குதுன்னு வெளிய வந்தா கொட்டாய்ல இருந்து பொகை. தீப்பொறி ஒண்ணு பைக்குள்ள போய் தூளுக்குள்ள சத்தமில்லாம கனிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு, பை அடி கருகி ஓட்டை விழுந்து, கீழ கிடந்த பலகை ஓரம் வரைக்கும் வந்துருச்சு. ரெண்டு வாளி தண்ணியில முடிஞ்சுது. சாப்பாட்டுக்கு பதிலா படுக்க போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நெஞ்சு அடிக்கும்.

இப்ப இரும்புக்கு ஒரு மிஷின், மரத்துக்கு ஒரு மிஷின். ஒண்ணு தான் இருக்குன்னா இரும்பு தேய்க்கிறதுக்கு முன்னால பைய கழட்டி, மிஷினுக்குள்ள கெடக்குற தூள பிரஷ்ல தள்ளி, வேக்குவம் குழாய எடுத்துட்டு, பக்கத்துல வாளி தண்ணி வச்சுட்டு செய்ங்க. அலுமினியத்தயும் இரும்பயும் ஒரே பெல்ட்ல தேய்க்காதீங்க, அலுமினிய தூள்ல இரும்பு பொறி பட்டா மரத்தூள விட மோசம். வேலை முடிஞ்ச உடனே படுக்க போகாதீங்க, அர மணி நேரம் கழிச்சு ஒரு தடவ வந்து கைய வச்சு பாருங்க.

## தொட்டா கரண்ட் அடிக்குது, இல்ல வீட்டு ஆர்சிசிபி விழுது

ஆர்சிசிபின்னா கரண்ட் கசிஞ்சா தானா விழுற மெயின் பொட்டி சுவிட்ச். இங்க சோதனை ஒண்ணே ஒண்ணு தான். மிஷின் பிளக்க எடுத்துட்டு ஆர்சிசிபிய தூக்குங்க. விழாம மேலயே நின்னா மிஷின்ல கசிவு, நிக்காம திரும்ப விழுந்தா வீட்டு வயரிங்.

மிஷின்ல கசிவுன்னா வயர் நசுங்கி இருக்கான்னு வெளிய மட்டும் பாருங்க, கொட்டாய்ல மழை ஒழுகி மோட்டர் நனைஞ்சிருந்தா ரெண்டு நாள் வெயில்ல வைங்க. அதுக்கு மேல மோட்டர் கடையில கசிவு அளக்குற மெகர் வச்சு பாப்பாங்க. வீட்டு வயரிங்னா சுருஹான்ஜாயா தெனாகால (எரிசக்தி ஆணையத்துல) பதிவு பண்ணுன வாயர்மேன கூப்புடுங்க, தோட்டத்து பழைய வீடுங்கள்ல எர்த் வயர் அறுந்து கெடக்குறத ரெண்டு எடத்துல நானே பாத்திருக்கேன். சுருக்குன்னு லேசா தான் அடிக்குதுன்னு செருப்பு போட்டுட்டு வேலை செய்றவங்க இருக்காங்க. வேணாம், மழைக்காலத்துல அதே செருப்பு ஈரமா இருக்கும்.

## மோட்டரே எரிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க

கம்பி திரும்ப சுத்த எனக்கு கேட்ட விலை 180 வெள்ளி, மிஷின நான் வாங்குனதே 420. பெரிய மிஷின்னா சுத்தலாம், இதுக்கு அந்த காச போடாதீங்க. புது மிஷின் வாங்குனாலும் பழச இரும்புக்கடைக்கு முழுசா போட வேணாம். ரெண்டு உருளை, டென்ஷன் ஸ்பிரிங், சுவிட்ச், நாப், நல்லா இருக்குற பேரிங், எல்லாத்தயும் கழட்டி ஒரு மீலோ டின்னுல போட்டு மேல தேதி எழுதி வைங்க. என் ரெண்டாவது மிஷின்ல இப்ப ஓடுற முன் உருளை மொத மிஷின்ல இருந்து கழட்டுனது, பேர் வேற கலர் வேற, அச்சு மட்டும் அப்படியே பொருந்துச்சு.